பறக்காத விமானம்

பொய் சொல்லிப் பிழைக்கிறவன் நான். இல்லாத ஊரில் இல்லாத மனிதர்களைக் குடிவைத்து, அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்து, கடன் வாங்கிக் கொடுத்து, சில சமயம் கொன்றும் போட்டு, அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்கிறேன். ஆகவே, வேறு துறையில் யாராவது பொய்யை நாணயமாகச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அவர்கள்மேல் எனக்குத் தனி அபிமானம் உண்டாகிவிடும். அந்த அபிமானத்தில் முதலிடம் பெற்றவர்கள், வீட்டிலேயே விமானி அறை கட்டிக்கொள்கிறவர்கள்.

உலகத்தின் பல ஊர்களில் இவர்கள் இருக்கிறார்கள். பகலில் ஒருவர் குமாஸ்தா, ஒருவர் வாத்தியார், ஒருவர் பல் வைத்தியர். ராத்திரியானால் மாடி அறையிலோ கார் கொட்டகையிலோ உட்கார்ந்துகொண்டு, ஒரு போயிங் விமானத்தின் முன்பாகத்தை மரப்பலகையாலும் பிளாஸ்டிக் தகட்டாலும் திருகு திருகாகச் செய்கிறார்கள். அது பறக்கப் போவதில்லை. எதிரே உள்ள கம்ப்யூட்டர் திரையில் ஆகாயமும் பூமியும் நகரும், அவ்வளவுதான். ஆனால் அறைக்குள் இருக்கும் ஒவ்வொரு பொத்தானும் நிஜ விமானத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும். இருட்டில் நிஜம் போலவே ஒளிர வேண்டும். போயிங் 737 விமானத்தில் இரண்டு விமானிகளுக்கும் நடுவே ஒரு பொத்தான் பலகை இருக்கிறது. எங்கே போகிறோம், எந்த வழியாகப் போகிறோம் என்பதை விமானத்துக்குச் சொல்லும் பலகை அது. அதில் 69 பொத்தான்கள். அவற்றைச் செய்து, உள்ளிருந்து வெளிச்சம் வரவழைப்பதற்காகவே மாதக்கணக்கில் தூக்கம் விட்டவர்கள் உண்டு.

‘இது என்ன பைத்தியம்!’ என்று வாசகர்கள் கேட்கலாம். பைத்தியமாகவே இருக்கட்டும். ஆனால் இதற்கு ஒரு பரம்பரை இருக்கிறது. அது விமானத் தொழிற்சாலையில் தொடங்கவில்லை. வாத்தியக் கருவி செய்யும் ஒரு பட்டறையின் நிலவறையில் தொடங்கியது.

*

நியூயார்க் மாகாணத்தில் பிங்ஹாம்டன் என்று ஓர் ஊர். அங்கே லிங்க் என்ற குடும்பத்தாருக்குப் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஆர்கன் என்பது நம் ஆர்மோனியத்துக்குப் பெரியப்பா முறை. துருத்தியால் காற்றை அடைத்து, கட்டையை அமுக்கினால் வால்வு திறந்து, அந்தக் காற்று குழாயில் புகுந்து ஸ்வரம் எழுப்பும். சினிமா ஊமையாக இருந்த காலத்தில் அமெரிக்கக் கொட்டகைகளில் படத்தோடு சேர்ந்து வாசிக்க ஆர்கன் வேண்டியிருந்தது. ஆள் இல்லாமலே வாசிக்கும் பியானோக்களும் இருந்தன. ஒரு காகிதச் சுருளில் துளைகள் போட்டிருப்பார்கள். சுருள் நகர நகர, துளை வழியே காற்று புகுந்து அந்தந்தக் கட்டையை அமுக்கும்.

1904-இல் பிறந்த எட்வின் லிங்க் இந்தத் துளைகளுக்கும் துருத்திகளுக்கும் நடுவில் வளர்ந்தவர். ஆனால் பையனுக்கு ஆசையெல்லாம் ஆகாயத்தில். 1920-இல், பதினாறாம் வயதில், கலிபோர்னியாவில் முதல் பாடத்துக்குப் போனார். சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளின் நடத்திய விமானப் பள்ளி அது. வாத்தியார் பையனை ஏற்றிக்கொண்டு குட்டிக்கரணம் போட்டார். செங்குத்தாகச் சுழன்று இறங்கினார். தரையை உரசுவதுபோல் பறந்தார். கட்டணம் ஐம்பது டாலர். பாடம் முடிகிற வரையில் பையன் ஒரு கருவியைக்கூடத் தொடவில்லை, தொட விடவில்லை.

வாத்தியாரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆகாயத்தில் மாணவன் கையில் விமானத்தைக் கொடுத்து, அவன் தப்புச் செய்தால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். சைக்கிள் கற்றுக்கொள்கிறவன் முழங்காலைச் சிராய்த்துக்கொள்கிறான். சமையல் கற்றுக்கொள்கிறவள் நாலு நாள் ரசத்தைக் கெடுக்கிறாள். தப்புச் செய்யாமல் எந்த வித்தையும் வராது. விமானம் ஓட்டுவதில் மட்டும் முதல் தப்பே கடைசித் தப்பாகப் போய்விடலாம். இதற்கு என்ன செய்வது என்று லிங்க் யோசித்தார்.

அவருக்கு முன்பே சிலர் யோசித்திருக்கிறார்கள். 1910-ஐ ஒட்டிப் பிரான்சில் ஆந்துவானெத் விமானக் கம்பெனியார் பாதிப் பீப்பாய் ஒன்றின்மேல் இன்னொன்றை வைத்து, உச்சியில் மாணவனை உட்கார்த்தி, சுற்றிலும் ஆட்கள் நின்று கையால் ஆட்டச் செய்தார்கள். நம் ஊர் ரங்கராட்டினத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாணவன் கைப்பிடியை அசைத்தால் பீப்பாய் தானாக அசையாது. ஆள் பார்த்து அசைக்க வேண்டும்.

லிங்க் 1927-இல் தொடங்கி, தொழிற்சாலையின் நிலவறையில் ஏறக்குறைய பதினெட்டு மாதம் உழைத்தார். குட்டையான உடலும் சின்ன இறக்கைகளும் கொண்ட ஒரு பொம்மை விமானம். அதற்கு அடியில் ஆர்கன் துருத்திகள். மாணவன் கைப்பிடியை முன்னே தள்ளினால் வால்வு திறக்கும். முன்துருத்தி சுருங்க, மூக்கு தாழும். இடப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கத் துருத்தி சுருங்கி அந்தப் பக்கம் சாயும். கால் மிதியை அமுக்கினால், தானியங்கிப் பியானோவின் சுருளைச் சுற்றுவது போன்ற ஒரு காற்று மோட்டார் முழுப் பெட்டியையும் திருப்பும். ஆர்கன் வாசிக்கிறவர் விரலுக்கு ஸ்வரம் எப்படிப் பதில் சொல்லுமோ, அப்படி இந்த யந்திரம் கைக்குப் பதில் சொல்லிற்று. இசை கொடுத்த காற்றைக்கொண்டே ஆகாயம் என்ற பிரமையைச் செய்துவிட்டார்.

1929-இல் காப்புரிமைக்கு மனுப் போட்டார். அதில் இந்த யந்திரத்துக்கு அவர் கொடுத்த பெயரைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. ‘விமான மாணவர்களுக்கான பயிற்சிச் சாதனமும் கேளிக்கைக் கருவியும் சேர்ந்தது’ என்பது அதன் சாரம். யார் வாங்குவார்கள் என்பது அவருக்கே நிச்சயமில்லை. பயந்ததுபோலவே ஆயிற்று. விமானப் பள்ளிக்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை, பொருட்காட்சிக்காரர்கள் வாங்கினார்கள். காசு போட்டால் சில நிமிஷம் ஆடும் விளையாட்டுச் சாமானாக அது கேளிக்கைப் பூங்காக்களுக்குப் போயிற்று.

இதற்குள் சினிமாவும் பேசத் தொடங்கிவிட்டது. பேசும் படத்துக்கு ஆர்கன் எதற்கு? குடும்பத் தொழில் ஆட்டம் கண்டது. பின்னாலேயே பொருளாதார மந்தமும் வந்தது. லிங்க் வயிற்றுப்பாட்டுக்காக ஒரு வேலை செய்தார். விமானத்தின் இறக்கைக்கு அடியில் மின்விளக்குகளை எழுத்து வடிவில் பொருத்தி, தானியங்கிப் பியானோவின் துளைச்சுருளைக் கொண்டே அவற்றை மாற்றி மாற்றி எரியவிட்டு, ராத்திரி நேரத்தில் ஊர்களுக்கு மேலே விளம்பரம் காட்டிக்கொண்டு பறந்தார். வித்தை வாசலில் காத்துக் கிடக்க, விளம்பரம் சோறு போட்டது. எழுத்தாளர்களுக்கு இந்த நிலை புதிதல்ல, மேலே விவரிக்கவில்லை.

*

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

நாம் நேராக நிற்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்பதைக் கண் மட்டும் சொல்வதில்லை, காதும் சொல்கிறது. உட்காதில் மூன்று வளைகுழாய்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கும். அதை வைத்து மூளை ‘திரும்புகிறோம்’ என்று தெரிந்துகொள்ளும். ஆனால் ஒரே சீராக வெகுநேரம் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். அப்போது மூளைக்கு ‘நேராகப் போகிறோம்’ என்றே தோன்றும். உண்மையில் நேராக்கினாலோ, ‘மறுபக்கம் சாய்கிறோம்’ என்று காது அலறும். வெயிலில் இதனால் மோசமில்லை, கண் திருத்திவிடும். மேகத்துக்குள்ளோ பனிமூட்டத்திலோ புகுந்த விமானி தன் உடம்பையே நம்பினால், சுற்றிச் சுற்றி இறங்கி, நேராகப் போகிறோம் என்ற நம்பிக்கையோடேயே தரையில் மோதுவார்.

ஆகையால் மேகத்துக்குள் பறக்கிறவர் தம் உடம்பை நம்பக்கூடாது; எதிரே இருக்கும் முட்களைத்தான் நம்ப வேண்டும். அது முடியும் என்று 1929 செப்டம்பர் 24-ஆம் தேதி ஜிம்மி டூலிட்டில் செய்து காட்டினார். விமானி அறையைத் துணியால் மூடிக்கொண்டு, வெளியே ஒன்றும் பார்க்காமல், கருவிகளை மட்டும் பார்த்து எழும்பி, ஒரு சுற்றுப் பறந்து, அதே மைதானத்தில் இறங்கினார். செய்து காட்டியது ஒருவர். ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லிக் கொடுப்பது எப்படி? ‘உன் உடம்பு பொய் சொல்கிறது’ என்று ஒருவனிடம் வாயால் சொன்னால் நம்புவானா? உட்கார்த்தி அநுபவிக்கச் செய்ய வேண்டும். அதற்கு ஏற்ற பெட்டி பிங்ஹாம்டனில் தூசி படிந்து கிடந்தது.

1934-இல் அது வெளியே வந்தது. உயிர்களைப் பலி வாங்கிக்கொண்டுதான் வந்தது. விமானத் தபால் ஒப்பந்தங்களைக் கம்பெனிகளுக்குக் கொடுத்ததில் ஊழல் என்று கிளம்பிய புகாரின்பேரில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிப்ரவரி 9-ஆம் தேதி அவற்றை ரத்துச் செய்தார். தபாலை ராணுவ விமானிகள் சுமக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. பத்தே நாள் அவகாசம். ராணுவத்தில் தைரியசாலிகள் நிறைய இருந்தார்கள். கருவிகளைப் பார்த்துப் பறக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பல விமானங்கள் திறந்த அறை கொண்டவை. ராத்திரிக்கு வேண்டிய கருவிகள் இல்லாதவை. அந்த வருஷத்துப் பனிக்காலமோ கொடுமையாக இருந்தது. தபால் ஓட்டம் ஆரம்பிக்கு முன்பே, வழி பழகும்போதே மூவர் செத்தார்கள். சட்டப்படி செய்யும் கொலை என்று எட்டி ரிக்கன்பேக்கர் என்ற பிரசித்தி பெற்ற விமானி வெடித்தார். ஜூன் முதல் தேதிக்குள் இறந்தவர்கள் பன்னிரண்டு பேருக்குக் குறையாது. எல்லாரும் இளைஞர்கள். தபால் பைகளில் இருந்தவை கடிதங்களும் வியாபாரப் பத்திரங்களும்.

இந்த அமளியில் ராணுவ அதிகாரிகள் சிலருக்கு லிங்கின் பெட்டி ஞாபகம் வந்தது. அவரை நியூவார்க் விமான நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். குறித்த நாளில் மூடுபனி. அந்தப் பனியில் யாரும் வரமாட்டார்கள் என்று அதிகாரிகள் கிளம்ப எத்தனித்தபோது மேலே எஞ்சின் சத்தம் கேட்டது. பனியைக் கிழித்துக்கொண்டு லிங்க் வந்து இறங்கினார். கருவிகளைப் பார்த்தே வந்திருந்தார். அதற்குமேல் அவர் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ராணுவம் ஆறு பெட்டிகளுக்கு உத்தரவு கொடுத்தது.

ஆறு ஆயிரங்கள் ஆயிற்று. ஜப்பானியக் கடற்படைகூட 1930-களில் வாங்கியிருக்கிறது. யுத்தம் வந்தபோது நீல உடலும் மஞ்சள் இறக்கையுமாக, ‘நீலப் பெட்டி’ என்ற செல்லப் பெயரோடு, சுமார் 10,000 பெட்டிகள் தயாராயின. உச்சத்தில் 45 நிமிஷத்துக்கு ஒன்று என்ற கணக்கு. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்க விமானிகள் அதில் உட்கார்ந்து பழகினார்கள். மாணவன் உள்ளே போனதும் மேல்மூடியை மூடிவிடுவார்கள். இருட்டு, எதிரே முட்கள், காதில் வாத்தியாரின் குரல். வெளியே ஒரு மேஜைமேல் தேசப்படம். அதன்மேல் மூன்று சக்கரமுள்ள சிறு கருவி ஒன்று மையால் கோடு போட்டுக்கொண்டே ஊரும். அதற்கு ‘நண்டு’ என்று பெயர். மாணவன் எங்கே வழி தப்பினான், எந்த மலையில் மோதினான் என்பதை நண்டு எழுதிவிடும். அமெரிக்கக் கடற்படையின் பெண்கள் பிரிவினர் பலர் இந்தப் பெட்டிகளுக்கு ஆசிரியைகளாக இருந்தார்கள். மலையில் மோதிய மாணவன் மூடியைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அசடு வழிய, மறுபடி உட்காருவான். உலகத்தில் அதற்கு முன் எந்த விமானிக்கும் கிடைக்காத பாக்கியம் அது.

*

இப்போது வெளிச்சத்துக்கு வருகிறேன். ராத்திரியில் பறக்கிறவருக்கு வெளியேயும் கண் தெரிய வேண்டும், உள்ளேயும் கண் தெரிய வேண்டும். உள்ளே பிரகாசமான விளக்குப் போட்டால் வெளியே குருடு. இருட்டுக்குக் கண் மறுபடி முழுக்கப் பழக அரை மணி நேரம் ஆகும். விளக்கே போடாவிட்டால் முட்கள் தெரியாது.

முதலில் ரேடியம் கலந்த வர்ணத்தால் முட்களையும் எண்களையும் தீட்டினார்கள். அந்த வர்ணத்தைத் தீட்டிய அமெரிக்க இளம் பெண்கள், பிரஷ் நுனி கூராக இருக்கவேண்டும் என்று அதை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். அப்படித்தான் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் மடிந்தார்கள். நியூஜெர்சியில் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசமாக முடிந்தது. விமானி அறையின் அந்தப் பச்சை ஒளிக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. யுத்த காலத்தில் சிவப்பு விளக்கு வந்தது. இருட்டில் பார்க்கும் கண்ணணுக்களைச் சிவப்பு அதிகம் தொந்தரவு செய்வதில்லை. பிறகுதான் இன்று நாம் காணும் முறை பரவிற்று. ஒளி புகும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. அதன்மேல் கறுப்போ சாம்பலோ வர்ணம். எழுத்தின் வடிவத்தில் மட்டும் வர்ணத்தைச் சுரண்டிவிட வேண்டும். பகலில் வெள்ளை எழுத்து. ராத்திரியில் உள்ளே விளக்கேற்றினால் எழுத்து மட்டும் ஒளிரும்.

ஒளிரும் பொத்தான் பலகைகளில் மிகவும் பெயர் பெற்றது சந்திரனுக்குப் போயிற்று. அப்போலோ விண்கலத்தின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு 19 பொத்தான்கள். ‘வினை’ என்று ஒரு பொத்தான், ‘பெயர்’ என்று ஒரு பொத்தான். இலக்கணம் படித்தவர்கள் மகிழலாம். என்ன செய்ய வேண்டும் என்பதை வினை எண்ணாலும், எதை என்பதைப் பெயர் எண்ணாலும் சொல்ல வேண்டும். விண்வெளி வீரர்கள் அந்தப் பொத்தான்களை முதலில் தட்டிப் பழகியது பூமியில் இருந்த ஒத்திகை அறைகளில். அந்த ஒத்திகை அறைகளைச் செய்தது, ஆர்கன் பட்டறையின் நிலவறையில் பிறந்த அதே லிங்க் ஸ்தாபனம்தான்.

1969 ஜூலை 20-ஆம் தேதி, சந்திரனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பலகையில் 1202 என்ற எச்சரிக்கை எண் தோன்றிற்று. ஆர்ம்ஸ்ட்ராங் அர்த்தம் கேட்டார். ஹூஸ்டனில் ஸ்டீவ் பேல்ஸ் என்ற 26 வயது இளைஞர் விநாடிகளில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ‘தொடரலாம்’ என்றார். எப்படிச் சொல்ல முடிந்தது? அதே மாதத் தொடக்கத்தில் நடந்த ஒத்திகையில் இதே வகை எச்சரிக்கை வந்திருந்தது. அன்று பேல்ஸ் இறங்குவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்று ஒத்திகையை நடத்தியவர்கள் காட்டினார்கள். அதன்பிறகுதான் ஜாக் கார்மன் என்ற இளைஞர் எல்லா எச்சரிக்கை எண்களையும் கையால் எழுதிப் பட்டியல் போட்டு வைத்தார். பொய்ச் சந்திரனில் தப்புச் செய்தபடியால் நிஜச் சந்திரனில் தப்பு நேரவில்லை.

*

இனி, மாடி அறைக்காரர்களைப் பற்றிச் சொல்லலாம். 1979-இல் புரூஸ் ஆர்ட்விக் என்பவர் ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு ஒரு விமான விளையாட்டு எழுதினார். 1982-இல் மைக்ரோசாப்ட் அவருடைய விளையாட்டை வெளியிட்டது. ராணுவத்துக்கும் கம்பெனிக்கும் மட்டுமே இருந்த பொய் ஆகாயம் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆகாயம் வந்தபின் அறை வேண்டும். அறை வந்தபின் பொத்தான் வேண்டும்.

69 பொத்தான்களுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் கம்பிக் காடாகிவிடும். ஆகவே சதுரங்கக் கட்டம்போல் எட்டு வரிசை, ஒன்பது நிரல் என்று அமைக்கிறார்கள். பதினேழு கம்பிகளில் 72 சந்திப்புகள் கிடைக்கின்றன. ஒரு சின்னஞ்சிறு கம்ப்யூட்டர்ச் சில்லு ஒவ்வொரு வரிசையாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கும்: ‘யாராவது அமுங்கியிருக்கிறீர்களா?’ ஒரே சமயத்தில் மூன்று பொத்தான்கள் அமுங்கினால், அமுக்காத நாலாவது பொத்தானும் அமுங்கியதுபோல் ஒரு பேய்த் தோற்றம் கொடுக்கும். பொத்தானுக்கு ஒரு டயோடு வைத்து அந்தப் பேயை ஓட்டுகிறார்கள். இதெல்லாம் கணக்கு, வந்துவிடும். வெளிச்சம்தான் உயிரை வாங்குகிறது. எல்.இ.டி. விளக்குக்கு நேர்மேலே உள்ள எழுத்து பளீரென்று இருக்கும்; பக்கத்து எழுத்து சோனியாக இருக்கும். உப்புக் காகிதத்தால் பிளாஸ்டிக்கைத் தேய்த்து ஒளியைப் பரப்ப வேண்டும். பெட்டியின் உட்புறத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும். பொத்தான்களின் இடுக்கில் கசியும் ஒளியை அடைக்க வேண்டும். 69 எழுத்தும் ஒரே மாதிரி ஒளிர்கிற ராத்திரியில் அந்த மனிதர் அடையும் ஆனந்தத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. ஒரு அத்தியாயம் சரியாக அமைந்த ராத்திரியில் நானும் அப்படித்தான் விளக்கை அணைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

எதற்காக இவ்வளவு நுணுக்கம் என்றால், பொய் பலிக்கவேண்டுமானால் அது முழுசாக இருக்க வேண்டும். ஒரு பொத்தான் இருட்டாக இருந்தால் அறை மறுபடி மாடி அறையாகிவிடும். கை பயப்படாது. பயப்படாத கை ஒன்றும் கற்றுக்கொள்ளாது.

லிங்கின் கதையில் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. 1954-இல் தம் கம்பெனியை விற்றுவிட்டு அவர் கடலுக்குப் போனார். ஆழ்கடலில் இறங்கும் சாதனங்களைச் செய்வதில் முனைந்தார். அவர் வடிவமைத்த ‘ஜான்சன் ஸீ லிங்க்’ என்ற சிறிய மூழ்கு கப்பல் 1973 ஜூன் 17-ஆம் தேதி, பிளாரிடாவின் கீ வெஸ்டுக்கு அருகே, கடலடியில் கிடந்த ஒரு போர்க்கப்பலின் சிதைவில் மாட்டிக்கொண்டது. ஒரு நாளுக்கு மேல் மீட்க முடியவில்லை. உள்ளே நால்வர். பின்னறையில் இருந்த இருவர், குளிரால் கரியமிலவாயுவை உறிஞ்சும் மருந்து வேலை செய்யாமல், இறந்துபோனார்கள். இருவரில் ஒருவர் லிங்கின் மகன்; வயது 31.

மற்றவர் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தப்புச் செய்து பிழைக்க இடம் செய்துகொடுத்த தகப்பனுக்கு, தன் பிள்ளை மாட்டிக்கொண்ட இடத்தில் மூடியைத் திறந்து வெளியே விட வழியில்லாமல் போயிற்று. கதையில் இப்படி எழுதினால், ‘வேண்டுமென்றே செய்திருக்கிறான்’ என்று விமரிசகர்கள் என்னைத் திட்டுவார்கள். லிங்க் அதற்குப் பிறகு செய்த காரியத்தை நான் மறக்க முடியவில்லை. ஆழ்கடலில் சிக்கிக்கொண்ட கப்பலை விடுவிக்க, ஆள் இல்லாமல் கம்பிவடத்தால் இறங்கும் ஒரு மீட்புக் கருவியை உருவாக்கினார். எண்பதை எட்டாமல், 1981-இல் காலமானார்.

எங்கோ ஓர் ஊரில் இந்த ராத்திரியிலும் யாரோ ஒரு குமாஸ்தா மாடி அறை விளக்கை அணைத்துவிட்டு, தாம் செய்த பலகையின் விளக்கை ஏற்றிக்கொண்டிருப்பார். 69 எழுத்துக்களும் மஞ்சளாய் எழும்பும். வழியைத் தட்டிக் கொடுப்பார், பனிமூட்டத்தில் இறங்குவார், ஏதோ ஓர் எண்ணைத் தவறவிட்டு, மலையில் போய் மோதுவார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மாடிப்படி இறங்கிப் போய், அடுப்படியில் சத்தம் போடாமல் ஒரு காப்பி போட்டுக்கொண்டு, மறுபடி மேலே வருவார்.